எழுபத்தைந்து வீடுகளை ஈடு வைத்துக் கட்டிய கூடம்

டொரான்டோவுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத நண்பர் ஒருவர் நாலு கேள்விகளை ஒன்றாக அனுப்பியிருந்தார். டான் மில்ஸ் பக்கம் காரமண்ட் கோர்ட்டில் ஜப்பானிய கனடியப் பண்பாட்டு மையம் என்று பெரிய கட்டிடம் இருக்கிறதே, அங்கே ஒன்பது வயது மகளை ஜூடோ வகுப்பில் சேர்க்கலாமா? ஜப்பானியர் அல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? ஜப்பான் அரசு நடத்துகிற இடமா? கடைசியாக, கொஞ்சம் ஆதங்கத்தோடு: இந்த ஊரில் ஜப்பானியர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவர்களுக்கு இப்படி ஓர் இடம் எப்படி வாய்த்தது, நாம் இத்தனை பேர் இருந்தும் நமக்கு ஏன் இன்னும் இல்லை?

முதல் மூன்றுக்கும் பதில் சுருக்கம். சேர்க்கலாம். சேர்த்துக்கொள்வார்கள். அரசு நடத்துவது அல்ல. இந்த நீளமெல்லாம் நாலாவது கேள்விக்காகத்தான். அது புரிந்தால் மற்ற மூன்றுக்கும் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதும் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கதை டொரான்டோவில் தொடங்கவில்லை, நாட்டின் மறுகோடியில் இருக்கும் வான்கூவரில் தொடங்குகிறது. கனடாவுக்கு வந்த முதல் ஜப்பானியர் என்று பதிவாகியிருப்பவர் மன்சோ நகானோ, வருடம் 1877. பத்துப் பதினோரு வருடம் கழித்து, 1888இல், வகயாமா மாகாணத்தின் மியோ என்ற கடலோரக் கிராமத்திலிருந்து கிஹெய் குனோ என்பவர் வந்தார். ஃப்ரேசர் ஆற்றில் சால்மன் மீன் மண்டிக்கிடப்பதைப் பார்த்துவிட்டு ஊருக்குச் சொல்லியனுப்பினார். ஊரில் தெம்பு உள்ளவர்கள் எல்லாம் கிளம்பி ஆற்று முகத்தில் இருந்த ஸ்டீவ்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். மியோவுக்கு ஜப்பானில் இன்றும் 'அமெரிக்க கிராமம்' என்றுதான் பட்டப்பெயர். அந்தக் காலத்து ஜப்பானியக் கிராமத்தானுக்குக் கனடாவும் அமெரிக்காவும் ஒன்றுதானே!

வான்கூவர் நகருக்குள் வந்தவர்கள் பவல் தெருவைச் சுற்றிக் குடியேறினார்கள். மளிகைக் கடை, பொதுக் குளியல் கூடம், தையல்காரர், பத்திரிகை ஆபீஸ், தங்கும் விடுதி என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. 1906இல் மொழிப் பள்ளி வந்தது. 1914இல் அசாஹி என்ற பேஸ்பால் அணி வந்தது, உடம்பில் சிறியவர்கள் மூளையால் ஆடி வெள்ளைக்கார அணிகளைத் திணறடித்தார்கள் என்று அதற்கு இன்றும் பேர். இவ்வளவு இருந்தும் 'பண்பாட்டு மையம்' என்று தனியாக ஒன்று கட்ட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தெருவே மையமாக இருந்தது.

அந்தத் தெரு ஒரே வருடத்தில் காலியானது. 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. 1942இல், கடற்கரையிலிருந்து நூறு மைலுக்குள் ஜப்பானிய வம்சாவளியினர் ஒருவரும் இருக்கக்கூடாது என்று உத்தரவு. சுமார் 22,000 பேர் கிளப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள் அல்லது கனடியக் குடிமக்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கு 150 பவுண்டு சாமான், அவ்வளவுதான். பலரை முதலில் வான்கூவர் ஹேஸ்டிங்ஸ் பூங்காவில், கால்நடைக் கண்காட்சிக்குக் கட்டிய தொழுவங்களில் அடைத்துவைத்தார்கள். அப்புறம் மலைக்குள் இருந்த ஸ்லோகன், நியூ டென்வர், லெமன் க்ரீக், டாஷ்மி போன்ற முகாம்கள். ஆண்களில் பலரைச் சாலை போடும் வேலைக்கும், சில குடும்பங்களை ஆல்பர்ட்டா, மனிடோபா பக்கம் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குப் பண்ணைகளுக்கும் அனுப்பினார்கள்.

சொத்து என்ன ஆயிற்று? படகுகள், சுமார் 1,200, பறிமுதலாகி விற்கப்பட்டன. வீடு, கடை, நிலம் எல்லாம் 'எதிரிச் சொத்துப் பாதுகாவலர்' என்ற அலுவலகத்தின் கையில் போய்ச் சேர்ந்தன. அந்தப் பாதுகாவலர் பாதுகாக்கவில்லை, விற்றார். உடைமைக்காரரைக் கேட்காமலே விற்றதோடு நிற்கவில்லை, அந்தப் பணத்திலிருந்தே முகாமில் அவர்கள் சாப்பிட்ட செலவையும் கழித்துக்கொண்டார்கள். மொழிப் பள்ளிக் கட்டிடத்தின் ஒரு பகுதி மட்டும் பிற்பாடு சமூகத்திடம் திரும்பி வந்தது. போர் முடியும் நேரத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: ராக்கி மலைக்குக் கிழக்கே போ, இல்லையென்றால் ஜப்பானுக்குப் போ. சுமார் 4,000 பேர் ஜப்பானுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் அந்த நாட்டை அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மேற்குக் கடற்கரைக்குத் திரும்பலாம் என்ற அனுமதி 1949 ஏப்ரல் 1ஆம் தேதிதான் வந்தது. போர் முடிந்தே மூன்றரை வருடம் ஓடியிருந்தது. திரும்பிப் போகத்தான் அங்கே என்ன இருந்தது?

கிழக்கே வந்தவர்களில் நிறையப் பேர் டொரான்டோவில் நின்றார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஆட்கள் ஒரு நகரத்துக்கு வந்தால் முதலில் வந்தவர் வீட்டுக்குப் பக்கத்தில் அடுத்தவர், அதற்குப் பக்கத்தில் ஒரு கடை, பிறகு ஒரு கோவில் என்று சேர்ந்துவிடுவோம். இவர்கள் அப்படிச் சேரவில்லை. சேர்ந்து ஒரே இடத்தில் வாழாதீர்கள், பரவி இருங்கள் என்று அதிகாரிகளே சொன்னார்கள். அதைவிட, சேர்ந்து இருந்ததால்தான் நமக்கு இந்தக் கதி வந்தது என்று அவர்களில் பலரே நம்பினார்கள். பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தரவில்லை. முகாமைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. அடுத்த தலைமுறையில் கல்யாணங்கள் பெரும்பாலும் வெளியாரோடுதான். டொரான்டோவில் பவல் தெருவைப் போல ஒன்று உருவாகவே இல்லை.

இந்த நிலையில், 1960களின் தொடக்கத்தில், நிஸெய்கள் சிலர் மையம் கட்டலாம் என்று கிளம்பினார்கள். (குடிவந்த தலைமுறை இஸ்ஸெய், அவர்கள் பிள்ளைகள் நிஸெய், பேரப் பிள்ளைகள் சான்ஸெய், அடுத்தது யோன்ஸெய். இந்த நாலு சொல்லும் தெரிந்திருந்தால் அங்கே யார் பேச்சும் புரியும்.) கையில் காசு இல்லை, கடன் வாங்க வேண்டும். கடனுக்கு ஈடு? 75 குடும்பங்கள் தங்கள் வீடுகளையே ஈடாக வைத்தன.

இருபது வருடம் முன்னால் அரசாங்கம் இவர்களுடைய வீடுகளை விற்றது. புது ஊரில் ஒண்டியாகக் கிடந்து, வாடகைக்கு வீடு தர மறுத்தவர்களைச் சமாளித்து, மறுபடி வாங்கிய வீடு அது. அந்தப் பத்திரத்தைத்தான் ஒரு பொதுக் கூடத்துக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சின்னச் சமூகத்துக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்டீர்களே, நன்கொடைப் பட்டியலையோ மானியக் கணக்கையோ புரட்டுவதற்கு முன்னால் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

வரைபடம் போடக் கூப்பிட்ட ஆளும் அவர்களில் ஒருவர்தான். ரேமண்ட் மோரியாமா, வயது முப்பதைத் தாண்டியது, தனி ஆபீஸ் போட்டுச் சில வருடங்களே ஆகியிருந்தன. 1929இல் வான்கூவரில் பிறந்தவர். நாலு வயதில் கொதிக்கும் சட்டி கவிழ்ந்து முதுகெல்லாம் தழும்பு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஸ்லோகன் முகாமுக்குப் போனார். தகப்பனாரை வேறொரு முகாமில், ஒன்டாரியோவில், அடைத்திருந்தார்கள். பொதுக் குளியலில் மற்ற பையன்கள் தழும்பைக் கேலி செய்ததால் இந்தப் பையன் ஆற்றில் போய்த் தனியாகக் குளிப்பானாம். யாராவது வருகிறார்களா என்று பார்க்க மரத்தின்மேல் மேடை ஒன்று கட்டினான். அந்த மரவீடுதான் தன் முதல் கட்டிடம் என்று பெரியவரான பிறகு பல முறை சொல்லியிருக்கிறார்.

வின்ஃபர்ட் டிரைவ் 123ஆம் எண்ணில் அவர் கட்டிக்கொடுத்த மையத்தை 1964இல் பிரதமர் லெஸ்டர் பியர்சன் திறந்துவைத்தார். அது கான்கிரீட்டில் எழுந்த நவீனக் கட்டிடம். பகோடாக் கூரை, சிவப்பு வாசல் என்று சினிமா செட் போடவில்லை. ஆனாலும் கனத்த அடித்தளமும் அதன்மேல் நீளும் விட்டங்களும் பழைய ஜப்பானிய மரக் கட்டிடத்தை நினைவுக்குக் கொண்டுவரும். அதைப் பார்த்தவர்கள் மோரியாமாவை அடுத்தடுத்துக் கூப்பிட்டார்கள். ஸ்கார்பரோவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஏதாவது நகராட்சி வேலைக்கு நீங்கள் போய் வருகிற ஸ்கார்பரோ சிவிக் சென்டர், 1973இல் திறந்தது, அவர் கட்டியதுதான். உங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சுற்றுலா அழைத்துப் போயிருக்கக்கூடிய ஒன்டாரியோ அறிவியல் மையமும், 1969இல் திறந்து 2024இல் கூரைப் பிரச்சினையைக் காட்டி மூடப்பட்டதே, அதுவும் அவர்தான். ஒட்டாவாவின் போர் அருங்காட்சியகமும் டோக்கியோவில் உள்ள கனடியத் தூதரகமும் அவருடைய நிறுவனம் கட்டியவைதான். எதிரி என்று சொல்லி முகாமில் அடைத்த பையன் கையிலேயே போர் அருங்காட்சியகத்தைக் கட்டக் கொடுத்த நாடு இது. 2023இல், 93 வயதில் மோரியாமா காலமானார்.

நீங்கள் பார்த்த கட்டிடம் இது அல்ல. இடம் போதாமல் போனதால் மையம் பக்கத்திலேயே காரமண்ட் கோர்ட் 6ஆம் எண்ணுக்கு மாறியது. பழைய கட்டிடத்தை ஒரு முஸ்லிம் குடும்பம் வாங்கி, 2003இல் நூர் பண்பாட்டு மையமாகத் திறந்தது. அங்கே இப்போது உயர்மாடிக் குடியிருப்புத் திட்டம் வந்து, மோரியாமாவின் கட்டிடத்தை என்ன செய்வது என்று ஒரு சர்ச்சையும் நடந்தது. அதே வின்ஃபர்ட் டிரைவில் 77ஆம் எண்ணில் 2014இல் திறந்த ஆகா கான் அருங்காட்சியகத்தைக் கட்டியவர் ஜப்பானியரான ஃபுமிஹிகோ மாகி. அதற்கு எதிரே இஸ்மாயிலி மையத்தைக் கட்டியவர் நம் இந்தியக் கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரயா. உள்ளூர் வேலையைப் பார்த்துக்கொண்டது மோரியாமாவின் நிறுவனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தெருவை நடந்து பார்ப்பது டவுன்டவுனில் சுற்றுவதைவிட உருப்படியான வேலை என்பேன்.

சரி, இப்போது மையத்துக்குள்ளே போகலாம்.

ஜப்பான் அரசு நடத்துவதா என்ற கேள்விக்கு இங்கே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பான் அரசின் பண்பாட்டு அமைப்பு ஜப்பான் ஃபவுண்டேஷன். அதற்கு டொரான்டோவில் தனியாக ஓர் அலுவலகமும் நல்ல நூலகமும் உண்டு. சென்னையில் இருந்தவர்களுக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தெரிந்திருக்கும். ஜப்பானில் தொழில் பயிற்சி பெற்றுத் திரும்பிய நம்மவர்கள் சேர்ந்து தொடங்கி, ஜப்பானிய மொழி சொல்லித்தருகிற சங்கம் அது. டொரான்டோ மையம் இந்த இரண்டில் எந்த வகையும் இல்லை. நிக்கெய் என்று சொல்லப்படும் வெளிநாட்டு ஜப்பானிய வம்சாவளியினர், தங்களுக்காகவும் ஊருக்காகவும் கட்டியது. அதனால் அங்கே நீங்கள் பார்க்கும் ஜப்பான் டோக்கியோவில் இன்று இருக்கும் ஜப்பான் அல்ல. அதில் பாதி நூறு வருடத்துக்கும் மேல் பழைய மேய்ஜி காலத்து மீனவக் கிராமம், மீதியில் பெரும்பங்கு பிரிட்டிஷ் கொலம்பியா.

ஒரு சாப்பாட்டு உதாரணம். நிக்கெய் வீடுகளில் 'டென்பா' என்று ஓர் ஊறுகாய் உண்டு. வெள்ளரியைச் சோயா சாஸில் ஊறப்போடுவது. டோக்கியோவில் போய் டென்பா கேட்டால் விழிப்பார்கள். நியூ டென்வர் முகாமில் பிறந்த ஊறுகாய், டென்வர்தான் டென்பா ஆயிற்று என்பது அந்த வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை. இதைப் போய் 'அசல் ஜப்பானியம் இல்லை' என்று தள்ளினால், அசல் என்று என்னதான் மிஞ்சும்?

இந்தச் சண்டை உள்ளே நடக்காமலும் இல்லை. 1967இல் கனடா, குடியேற வருபவர்களைப் படிப்பு, தொழில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் புள்ளி முறையைக் கொண்டுவந்த பிறகு ஜப்பானிலிருந்து புதிதாக ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பேசுவது இன்றைய ஜப்பானியம், முகாம் என்ற சொல் அவர்கள் வீட்டுக் கதையில் இல்லை. பழைய குடும்பங்களுக்கோ முகாம்தான் எல்லாம், மொழி போயே விட்டது. ஒருவரை ஒருவர் 'இவர்கள் ஜப்பானியரா?' என்று ஓரக்கண்ணால் பார்த்த காலம் ஒன்று இருந்தது. முதலில் வந்தவர், பிறகு வந்தவர், விசாவில் வந்தவர், அகதியாக வந்தவர் என்று நமக்குள் இருக்கும் கோடுகளை நினைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். மையம் இதை எப்படிச் சமாளித்தது என்றால், 'யார் ஜப்பானியர்' என்ற கேள்வியை வாசலில் வைக்கவே இல்லை. தொடக்கம் முதலே அவர்கள் சொல்லிவந்த வாசகம், பண்பாட்டின் வழியே நட்பு என்பது. தனியாகப் பதுங்கிக்கொண்டால் மறுபடி சந்தேகக் கண் விழும், வெளியாரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் விழாது என்ற பழைய பயமும் இதில் ஒரு பங்கு என்று நான் நினைக்கிறேன். பயத்தில் வந்த ஏற்பாடுதான், ஆனாலும் நல்ல ஏற்பாடு.

புத்தாண்டு சமயத்தில் போனால் மோச்சி இடிப்பதைப் பார்க்கலாம். நான் எதற்கும் வரிசையில் நிற்காத ஆள், இதற்கு நிற்பேன். பசையுள்ள அரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் கொட்டுவார்கள். உரலுக்கு உசு என்று பேர். இடிக்கும் கோலுக்குக் கினெ. நம் உலக்கையைப் போல நெட்டாக இறங்காது, பெரிய மரச் சுத்தியல் மாதிரி, தோளுக்கு மேல் தூக்கிப் போட வேண்டும். எடுத்த எடுப்பில் ஓங்கி அடிக்கக்கூடாது, சோறு தெறித்துவிடும். முதலில் உரலைச் சுற்றி நடந்தபடி உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தி அழுத்திப் பிசைவார்கள். பருக்கை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிறகுதான் அடி. உரல் பக்கத்தில் குந்தியிருப்பவர்தான் கதாநாயகர். இரண்டு அடிக்கு நடுவில் கையை வெந்நீரில் நனைத்து, மாவை உள்பக்கம் மடித்துவிட்டு எடுத்துவிட வேண்டும். அடுத்த அடி அதற்குள் கிளம்பியிருக்கும். சுற்றி நிற்பவர்கள் 'யோய்ஷோ!' என்று போடும் சத்தம் வேடிக்கைக்கு அல்ல, அந்தக் கையைக் காப்பாற்றும் தாளம் அது. உலக்கை விழும் இடைவெளியில் உரலுக்குள் கைவிட்டு மாவைத் தள்ளிவிட்ட நம் ஆச்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாலைந்து நிமிடத்தில் பருக்கை காணாமல் போய், வழுவழுவென்று இழுபடும் ஒரே உருண்டையாகிவிடும். உருளைக்கிழங்கு மாவு தூவிய பலகையில் கொட்டி, பாட்டிகள் நாலைந்து பேர் கிள்ளிக் கிள்ளி உருட்டுவார்கள். வறுத்த சோயா மாவும் சர்க்கரையும் கலந்து புரட்டித் தருவது கினாகோ மோச்சி. பொட்டுக்கடலை மாவில் சர்க்கரை சேர்த்துத் தின்றவர்கள் வாய்க்குப் பழகிய ருசி. சிறு பிள்ளைகளுக்குத் துணுக்காக நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் ஒட்டும். ஜப்பானில் வருடா வருடம் முதியவர்கள் இதில் மூச்சுத் திணறுவது பத்திரிகைச் செய்தி.

கோடையில் போன் ஒதோரி. மூதாதையர் வீட்டுக்கு வந்து போகும் நாட்களுக்கான ஆட்டம். நடுவில் மேடை, மேலே மேளம், சுற்றி வட்டமாக ஆடுவது, நம் கும்மியைப் போல. எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் ஒன்று உண்டு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆட்டம். மண்வெட்டியால் வலப்பக்கம் இரண்டு முறை, இடப்பக்கம் இரண்டு முறை வெட்ட வேண்டும், கரியைத் தோளுக்குப் பின்னால் எறிய வேண்டும், கையை நெற்றியில் வைத்து நிலாவைப் பார்க்க வேண்டும், வண்டியைத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் அடவு. முன்னால் ஆடுபவரைப் பார்த்துக் காப்பியடித்தால் போதும், மூன்றாவது சுற்றில் வந்துவிடும். வெட்கப்பட்டுச் சுவரோரம் நிற்பவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவிடும் அத்தைமார்கள் எல்லா ஊரிலும் இருப்பது போல அங்கேயும் இருக்கிறார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இக்கெபானா என்ற பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு, தூரிகை எழுத்து, தைகோ மேளம், ஜப்பானிய மொழி வகுப்பு எல்லாம் உண்டு. மொழியில் தேர்வு எழுதி வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால், ஜப்பான் ஃபவுண்டேஷன் நூலகத்தையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள், வாரம் ஒரு வகுப்பு அதற்குப் போதாது. 2012 முதல் ஜப்பானியத் திரைப்பட விழா நடக்கிறது, மையத்தின் கோபயாஷி அரங்கில்தான். அனிமே மட்டும் பார்த்த பிள்ளைகளை அழைத்துப் போக நல்ல இடம். முகாம் காலத்துப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

வசந்த காலத்தில் ஹை பார்க்கில் செர்ரிப் பூ பார்க்கப் போய்க் கூட்டத்தில் நசுங்கியிருப்பீர்கள். அந்த மரங்களும் இந்தக் கதையில் சேர்ந்தவைதான். டோக்கியோ மக்கள் சார்பில் ஜப்பானியத் தூதர் டோரு ஹகிவாரா 2,000 மரங்களை இந்த ஊருக்குக் கொடுத்தார். போருக்குப் பிறகு இடம்பெயர்ந்து வந்த ஜப்பானிய கனடியர்களை டொரான்டோ ஏற்றுக்கொண்டதற்கு நன்றி என்று. கொடுத்த தேதி 1959 ஏப்ரல் 1. கடற்கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சரியாகப் பத்து வருடம். தற்செயலாகவே இருக்கலாம். மன்னிப்பு வர இன்னும் 29 வருடம் ஆனது. 1988 செப்டம்பர் 22 அன்று பிரதமர் பிரையன் மல்ரோனி நாடாளுமன்றத்தில் எழுந்து தவறை ஒப்புக்கொண்டார். உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 21,000 டாலர், சமூகத்துக்குப் பொதுவாக 1.2 கோடி டாலர். ஆனால் டொரான்டோ மையம் நின்றது அதற்கு 24 வருடம் முன்னால். இழப்பீட்டில் வந்த கட்டிடம் என்று சிலர் சொல்வது தவறு.

இப்போது 'நமக்கு ஏன் இல்லை' என்ற கேள்வி. ஸ்கார்பரோவில் தமிழ்ச் சமூக மையம் ஒன்றுக்கான முயற்சி பல வருடமாக நடக்கிறது, நிலம் பார்த்தாயிற்று, மத்திய அரசும் மாகாண அரசும் 2021இல் நிதி அறிவித்தன. ஆகவே முயற்சியே இல்லை என்று சொல்லக்கூடாது. என் எண்ணம் வேறு. நமக்கு பவல் தெரு இன்னும் இருக்கிறது. மார்க்கம் ரோட்டில் இறங்கினால் தோசை, நகைக்கடை, புடவைக்கடை, வக்கீல் ஆபீஸ் எல்லாம் வரிசையாக நிற்கும். கோவில் இருக்கிறது, விருந்து மண்டபம் இருக்கிறது, அரங்கேற்றத்துக்கு ஹால் கிடைக்கிறது. தாகம் இல்லாதவன் கிணறு வெட்டுவதில்லை. அவர்களுக்கு வேறு ஒன்றுமே மிஞ்சவில்லை, ஒரு தாத்தாவும் இன்னொரு தாத்தாவும் சந்தித்துக்கொள்ள ஒரு தெருமுனைகூட இல்லை. அதனால் கட்டினார்கள்.

கட்டியதை நடத்துவது இன்னொரு கதை. வகுப்புக் கட்டணம், அரங்க வாடகை, விழா வருமானம், நன்கொடை, அப்புறம் காசு வாங்காமல் சமையலறையில் நிற்கும் தொண்டர்கள். சண்டைக்கலை வகுப்புகளை எட்டிப் பார்த்தால் ஜப்பானியப் பெயர் இல்லாத முகங்கள்தான் நிறைய. இத்தனை சின்னச் சமூகம் இவ்வளவு பெரிய கூடத்தைத் தன்னந்தனியாக நிரப்ப முடியாது. நாளைக்கு நம் மையம் வந்து, பறை வகுப்பிலும் சிலம்ப வகுப்பிலும் சீனப் பிள்ளையும் ஜமைக்கப் பிள்ளையும் நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? இதற்கு நாம் இப்போதே பதில் யோசித்து வைப்பது நல்லது.

உங்கள் மகளுக்கு வருவோம். ஜூடோவை 1882இல் தொடங்கியவர் ஜிகோரோ கனோ. கனடாவில் அதைப் பரப்பியவர் ஷிகெதாகா சசாகி, 1924இல் வான்கூவரில் பயிற்சிக்கூடம் போட்டார். 1930களில் கனடிய அரசக் குதிரைப்படை போலீஸ்காரர்களுக்கே அவர் கற்றுக்கொடுத்தார். பத்து வருடம் கழித்து அதே படை வந்து ஜப்பானியர்களை வீட்டைவிட்டுக் கிளப்பியது, சசாகியும் முகாமுக்குப் போனார், அங்கேயும் பிள்ளைகளைச் சேர்த்து ஜூடோ நடத்தினார். இங்கே ஜூடோ என்பது வெறும் விளையாட்டு வகுப்பு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது போய் உட்கார்ந்து பாருங்கள், கேட்டால் அனுமதிப்பார்கள். மையத்தின் உறுப்பினராவது, வகுப்புக் கட்டணம் இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூடோ உடையை முதல் நாளே வாங்க வேண்டாம், ஒரு மாதம் பார்த்துவிட்டு வாங்கலாம், ஒரு அளவு பெரிதாக. கால் நகத்தையும் கை நகத்தையும் ஒட்ட வெட்டி அனுப்புங்கள், கம்மல், கொலுசு, வளையல் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பாயில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை குனிந்து வணக்கம் சொல்வார்கள். அது சாமி கும்பிடுவது அல்ல, இடத்துக்கும் எதிராளிக்கும் செய்யும் மரியாதை. வீட்டுப் பெரியவர்கள் யாராவது கேட்டால் சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரம் யாரையும் தூக்கிப் போடச் சொல்லித்தர மாட்டார்கள். விழத்தான் சொல்லித்தருவார்கள். உகெமி என்று பேர். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, பார்வையை இடுப்புக் கட்டின் முடிச்சில் வைத்து, முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் இரண்டு கைகளாலும் பாயில் பளீரென்று அறைய வேண்டும். விழும் வேகமெல்லாம் அந்தக் கைவழியே போய்விடும், தலை தரையில் படாது. மகள் வீட்டுக்கு வந்து கட்டில் மெத்தையில் மல்லாக்க விழுந்து விழுந்து கைதட்டிப் பார்ப்பாள். கீழ்வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.